வரைபடத்திலிருந்து பதிவேட்டுக்கு: நிலத்தோற்ற வடிவமைப்பும் கணினியும்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்றால் புல்தரை விரித்து நாலு அலங்காரப் பனை நடுபவர் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. பூங்கா, ஆற்றங்கரை, கல்லூரி வளாகம், சாலையோர மரவரிசை, மழைநீர்க் குளம் என்று கட்டடத்துக்கு வெளியே உள்ள நிலம் முழுவதும் இந்தத் தொழிலின் எல்லைக்குள் வருகிறது. மண், சரிவு, நீரோட்டம், செடி, மனித நடமாட்டம் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டிய வேலை அது. அந்தத் தாளின் இடத்தில் கணினி வந்து அமரத் தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் தொழிலில் எது மாறியது, எது மாறவில்லை, மாறியதில் எது மேற்பூச்சு, எது அடிப்படை என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படத்தைச் சுற்றியே நடக்கிறது: முப்பரிமாணக் காட்சிகள், நடந்து பார்க்கும் அனிமேஷன், இப்போது செயற்கை நுண்ணறிவு தீட்டும் தோட்டங்கள். படம் வரைவதில் நேர்ந்த மாற்றம் பெரிதும் வேகம் சார்ந்தது. அடிப்படையான மாற்றங்கள் படத்துக்கு முன்னும் பின்னும் நடந்திருக்கின்றன. முன்னே, நிலத்தை அளக்கும் இடத்தில். பின்னே, வேலையை முடித்து ஒப்படைத்த பிறகு அந்த நிலத்தைக் கவனிக்கும் இடத்தில். இரண்டாவதுதான் தொழிலின் வரையறையையே அசைக்கிறது.

கருவியைப் பெற்றவர்கள்

நிலத்தோற்றத் துறையினர் கணினிக்கு விருந்தாளிகளாக வந்தவர்கள் என்று நினைப்பது தவறு. இன்று நகராட்சி முதல் ராணுவம் வரை பயன்படுத்தும் ஜி.ஐ.எஸ். என்ற புவியியல் தகவல் முறைமையின் வேர்களில் ஒன்று இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே நிலத்தின் மண், நீர், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பழக்கம் அமெரிக்க வடிவமைப்பாளர்களிடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. அதை ஒரு முறையாக வளர்த்துப் பரப்பியவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த இயான் மெக்ஹார்க். 1969-ல் வெளிவந்த அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ நூலில், நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒரு நெடுஞ்சாலையை எந்த வழியாகக் கொண்டுபோகலாம் என்ற ஆய்வு வருகிறது. எதை அழித்தால் இழப்பு அதிகமோ அந்த இடத்துக்கு அடர்ந்த நிறம். எல்லா ஒளிபுகு தாள்களையும் அடுக்கிப் பார்த்தால் வெளிறித் தெரியும் தடமே சாலைக்கு உகந்தது. கணக்கு தெளிவு, கருவி மட்டும் கைவேலை.

அந்தக் கைவேலையைக் கணினிக்கு மாற்றும் முயற்சியும் அதே பத்தாண்டில் நடந்தது. ஹார்வர்டில் 1965-ல் ஹோவர்ட் ஃபிஷர் தொடங்கிய கணினி வரைகலை ஆய்வகத்தில் முழுமை பெற்ற ‘சைமேப்’ மென்பொருள், அச்சு இயந்திரத்தின் எழுத்துகளையே அடர்த்தியாகவும் மெலிதாகவும் அடித்து வரைபடம் தந்தது. அங்கே கார்ல் ஸ்டைனிட்ஸ் அதை நிலத் திட்டமிடலுக்குப் பயன்படுத்தினார். நாற்றுப் பண்ணை நடத்திய குடும்பத்திலிருந்து வந்து ஹார்வர்டில் நிலத்தோற்றம் படித்த ஜாக் டேஞ்சர்மண்ட், 1969-ல் மனைவி லாராவுடன் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸில் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். உலகின் மிகப் பெரிய ஜி.ஐ.எஸ். நிறுவனம் இன்று அதுதான்.

இந்த வரலாற்றுக்கு ஒரு முரணான தொடர்ச்சி உண்டு. கருவி வளர்ந்து பெரிதானபோது அரசுத் திட்டமிடல் துறைகளும் பொறியாளர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண லேண்ட்ஸ்கேப் அலுவலகம் 1982-ல் வந்த ஆட்டோகேட் பக்கம் போனது. அது கோடு வரைய வந்த கருவி. கோட்டுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மெக்ஹார்க் கேட்ட கேள்விகள் பெரும் வட்டாரத் திட்டங்களோடு தங்கிவிட்டன. அன்றாட வேலை, மேசையில் வரைந்ததையே திரையில் வரைவதாக ஆனது.

அளப்பதில் வந்த துல்லியம், அதில் ஒளிந்த பிழை

பழைய முறையில் சர்வேயர் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை நிறுத்தி, பத்து மீட்டருக்கு ஒரு லெவல் (தரைமட்ட உயரம்) எடுப்பார். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருப்பது ஊகம். லைடார் என்ற லேசர் அளவீடு வந்தபின் ஊகத்துக்கு இடம் குறைந்தது. விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ பாயும் ஓர் ஒளித்துடிப்பு, மரங்கள் உள்ள இடத்தில் பலமுறை திரும்பி வரலாம்: முதலில் உச்சி இலையில் பட்டு, பிறகு கிளையில் பட்டு, கடைசியாக இடைவெளி வழியே தரையைத் தொட்டு. முதல் திரும்பலையும் கடைசித் திரும்பலையும் பிரித்தெடுத்தால் காடு தனியாகவும் காட்டுக்கு அடியிலுள்ள தரை தனியாகவும் கிடைக்கும். கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்த இந்தப் புள்ளித்திரளையே வடிவமைப்பின் மூலப்பொருளாக எடுத்துக்கொள்ளும் வழியை சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் ஜிரோ வளர்த்தார். ஜகார்த்தாவின் சிலிவுங் ஆற்றங்கரைக் குடியிருப்புகளை அவரது குழுவினர் இவ்வாறு அளந்து, வெள்ளம் எந்தச் சந்து வழியாக ஏறும் என்பதையும் கரையை எப்படித் திருத்தலாம் என்பதையும் ஒரே மாதிரியில் சோதித்தார்கள்.

எல்லா அலுவலகத்துக்கும் லைடார் கட்டுப்படியாகாது. நம் ஊரில் அதிகம் புழங்குவது ட்ரோன் புகைப்படங்களை ஒட்டிச் செய்யும் அளவீடு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. கேமரா தரையைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறது. சீமைக் கருவேலம் அடர்ந்த ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் உயரப் புதரின் மேற்பரப்பையே மென்பொருள் தரை என்று எடுத்துக்கொண்டு அங்கே ஒரு மேட்டைக் காட்டும். சென்னையைச் சுற்றியுள்ள சமதளத்தில் மழைநீர் வடிகாலுக்கு 200-க்கு 1 என்ற சரிவு கிடைப்பதே பெரிது; 100 மீட்டர் ஓட்டத்தில் அரை மீட்டர் இறக்கம், அவ்வளவுதான். மூன்று மீட்டர்ப் பொய்மேடு இருந்தால் நீர் எந்தத் திசையில் போகும் என்பதே மாறிவிடும். திரையில் அந்தப் படம் செண்டிமீட்டர் துல்லியத்தோடு மின்னும். புதரை வெட்டி ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்து நாலு லெவல் எடுத்துச் சரிபார்த்தவருக்கே உண்மை தெரியும். பிழையின் அளவு குறையக் குறைய, இருக்கும் பிழை நம்பத்தகுந்த முகத்தோடு வருகிறது.

செயற்கைக்கோள் தரவுக்கும் இது பொருந்தும். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2, பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை பூமியைப் படமெடுத்துக் கொடுக்கிறது. ஆனால் எந்த மாதத்துப் படம் என்று கேட்காமல் ஓர் ஏரியின் எல்லையை வரைந்தால் என்ன ஆகும்? மே மாதத்தில் எடுத்தால் அது விளையாட்டு மைதானம், டிசம்பரில் எடுத்தால் கடல். நிலத்தையும் நீரையும் ஒரு கோட்டால் பிரிப்பதே வரைபடம் கட்டிய கற்பனை என்று வாதிட்டவர்கள் அனுராதா மாத்தூரும் திலீப் டா குன்ஹாவும். மும்பையை மழையில் ஊறும் கழிமுகமாகப் பார்க்கச் சொன்ன அவர்களது ‘சோக்’ கண்காட்சியும் நூலும் 2009-ல் வந்தன. கணினி அந்தக் கோட்டை அழிக்கவும் உதவும், கல்லில் வெட்டவும் உதவும். நாற்பது ஆண்டு லேண்ட்சாட் படங்களை அடுக்கினால், ஓரிடம் எத்தனை மாதம் நனைந்திருந்தது என்ற நிகழ்தகவு கிடைக்கிறது. ஒரே ஒரு படத்தை எடுத்து நீலம் பூசினால் ஆக்கிரமிப்புக்கு வசதியான எல்லை கிடைக்கிறது.

வரைவதில் உள்ள இழுபறி

கட்டடத் துறையை இன்று ஆள்வது பிம் என்ற தகவல் மாதிரி. சுவர் என்றால் வெறும் இரண்டு கோடு என்ற நிலை போய், அதன் தடிமன், பொருள், விலை, ஆயுள் எல்லாம் ஏறிய பொருளாகிவிட்டது. பிரிட்டன் 2016 முதல் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆர்க்கிடெக்ட்டும் பொறியாளரும் ஒரே மாதிரிக்குள் வேலை செய்யும்போது லேண்ட்ஸ்கேப்காரர் மட்டும் தனித் தாளோடு நிற்க முடியாது. அவரும் உள்ளே போனார். உள்ளே அவருக்கு இடம் இல்லை.

பெருவழக்கில் உள்ள ரெவிட் மென்பொருளில் நிலம் பல ஆண்டுகள் தடிமனே இல்லாத ஒரு தோலாக இருந்தது. அதற்குக் கன அளவு தந்தது 2024 பதிப்புதான். வேர் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், மேல்மண் எத்தனை அங்குலம், அதன் கீழே சரளையா களியா என்பது தொழிலின் அரிச்சுவடி. அதைச் சொல்ல முடியாத மென்பொருளில்தான் அத்தனை காலம் வேலை நடந்தது. பல மென்பொருள்களுக்கு இடையே தகவலைக் கொண்டுபோகும் பொதுத் தரமான ஐ.எஃப்.சி.யும் கட்டடத்துக்காகவே பிறந்தது. சாலை, ரயில், மண்வேலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்ட அதன் 4.3 பதிப்பு 2024-ல்தான் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்யக் கடினமான ஒன்று, காலம். தூண் கட்டி முடித்த நாளில் எப்படியோ அப்படியே முப்பது ஆண்டு நிற்கும் என்ற அனுமானத்தில் பிம் இயங்குகிறது. ஒரு புங்கங்கன்று முதல் ஆண்டில் முழங்கால் உயரம், பத்தாம் ஆண்டில் தெருவுக்கே நிழல். நடுவில் ஆடு கடிக்கும், மின்வாரியம் கிளை வெட்டும், தண்ணீர் லாரி ஒருநாள் மோதும். மாதிரிக்குள் மரத்துக்கு ஒரே ஓர் உருவம், பெரும்பாலும் முழு வளர்ச்சி அடைந்த உருவம்.

வாடிக்கையாளருக்குக் காட்டும் படங்களில் இந்தக் குறை இன்னும் வெளிப்படை. அது புதிதும் அல்ல. 1788-ல் தொழிலைத் தொடங்கிய ஆங்கிலேயர் ஹம்ஃப்ரி ரெப்டன், தன் ‘சிவப்புப் புத்தக’ங்களில் நீர்வண்ண ஓவியத்தின்மேல் ஒரு மடிப்பை ஒட்டி வைப்பார். மூடியிருந்தால் இன்றைய தோட்டம், திறந்தால் அவர் அமைக்கப்போகும் தோட்டம். இன்றைய நிலத்தை மங்கலாகவும் நாளைய நிலத்தை மலர்ச்சியாகவும் தீட்டும் வித்தை அன்றே தொடங்கிவிட்டது. ஸ்கெட்ச்அப்பும் லூமியானும் அதை ஒரு மாலைநேர வேலையாகச் சுருக்கின. இந்த மென்பொருள்களின் மர நூலகங்களில் மேப்பிளும் பிர்ச்சும் ஏராளம்; பூவரசையும் இலுப்பையையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே மதுரை வெயிலுக்கு வரையப்படும் பூங்காவும் மிதவெப்ப நாட்டு நிழலோடு வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறது. 2022-க்குப் பிறகு பரவிய செயற்கை நுண்ணறிவுப் படக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போய், உலகில் இல்லாத செடிகளைப் பூக்கவைக்கின்றன. எண்ணத்தைக் கிளற அவை உதவும். நடவுப் பட்டியலையும் பி.ஓ.க்யூ. என்ற அளவு-விலைப் பட்டியலையும் அதிலிருந்து எடுக்க முடியாது.

வரைவதில் உண்மையான லாபம் கணக்கில் கிடைக்கிறது. ரைனோ மென்பொருளின் கிராஸ்ஹாப்பர் கருவியில் விதிகளை எழுதிவிட்டால், ஒரு பாதையை நகர்த்தும்போது வெட்டும் மண்ணும் நிரப்பும் மண்ணும் உடனே மாறித் தெரியும். தெருவில் எந்த மணிக்கு எங்கே வெப்பம் தேங்கும் என்று ஜெர்மனியில் உருவான என்வி-மெட் மென்பொருள் காட்டும். அமெரிக்காவில் 1971-ல் பிறந்த ஸ்வம் மென்பொருள், பெருமழையில் எந்தக் குழாய் பொங்கும் என்று காட்டும். முன்பு பொறியாளரிடம் கேட்டு ஒரு வாரம் காத்திருந்த விடையை வடிவமைப்பாளர் இப்போது அன்று மதியமே சோதித்துப் பார்க்கலாம். அழகுக்காகப் போட்ட வளைவை நீரோட்டத்துக்காகவும் நியாயப்படுத்தலாம், அல்லது கைவிடலாம்.

கட்டுமானத்திலும் இந்தத் தொடர்ச்சி தெரிகிறது. சரிவு மாதிரியைப் புல்டோசரில் ஏற்றிவிட்டால் பெக் அடிக்காமலே அது மண்ணை ஒதுக்குகிறது. ஈ.டி.எச். ஆராய்ச்சியாளர்களின் தானியங்கி அகழி இயந்திரம், சுவிட்சர்லாந்தின் ஓபர்க்ளாட்டில் ஆறு மீட்டர் உயரமும் 65 மீட்டர் நீளமும் உள்ள சுவரைச் சுண்ணமோ சிமென்ட்டோ இல்லாமல் அடுக்கியது. ஒவ்வொரு பாறையையும் ஸ்கேன் செய்து, எந்தக் கல் எந்த இடத்தில் பொருந்தும் என்று அதுவே கணித்தது. ஒழுங்கான செங்கல்லைக் கேட்கும் இயந்திரத்தைப் பார்த்த நமக்கு, கிடைத்த கல்லை ஏற்றுக்கொள்ளும் இயந்திரம் புதிது.

ஒப்படைத்த பிறகு

வழக்கமான ஒப்பந்தத்தில் வேலை முடிந்து ஓராண்டுப் பராமரிப்போடு வடிவமைப்பாளர் விலகிவிடுவார். நிலம் அப்போதுதான் வாழத் தொடங்குகிறது. அடுத்து என்ன ஆனது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் ஒரு பூங்காவில் பட்ட மரம் அடுத்த பூங்காவிலும் நடப்படுகிறது. இந்த மறதியைத்தான் மரக் கணக்கெடுப்புகள் உடைத்தன.

நியூயார்க் பத்தாண்டுக்கு ஒருமுறை தெருமரங்களை எண்ணுகிறது. 2015-ல் தன்னார்வலர்கள் வீதிவீதியாக நடந்து எண்ணியபோது கணக்கு 6,66,134. அடுத்த ஆண்டு அது பொது வரைபடமானது. எந்த மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றினார் என்று குடிமக்களே அதில் பதியலாம். அமெரிக்க வனத்துறை 2006-ல் வெளியிட்ட ஐ-ட்ரீ மென்பொருள் இதுபோன்ற பட்டியலை எடுத்துக்கொண்டு, மரம் தாங்கும் மழைநீர், உறிஞ்சும் மாசு ஆகியவற்றை டாலரில் மதிப்பிட்டுத் தருகிறது. அமெரிக்க மரங்களை வைத்து அமைந்த சமன்பாடுகளை வேம்புக்கும் வாகைக்கும் அப்படியே போடக்கூடாது என்ற எச்சரிக்கையோடு அதை ஏற்கலாம்.

தரவு எப்படி வடிவமைப்பாகிறது என்பதற்கு மெல்பர்ன் தெளிவான சான்று. நீண்ட வறட்சிக்குப் பிறகு அந்த மாநகராட்சி தன் 70,000 மரங்களையும் ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருபது ஆண்டுக்குள் பயன்பாட்டு ஆயுளை முடித்துவிடும் என்று தெரிந்தது. ஒரே காலத்தில் ஒருசில இனங்களை மட்டும் நட்டதன் விளைவு. 2012-ல் வந்த நகர்க்காட்டுத் திட்டம் அதற்கு விதி வகுத்தது: எந்த ஒரு சிற்றினமும் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, பேரினம் 10, குடும்பம் 20. விதானப் பரப்பு 2040-க்குள் 22-லிருந்து 40 சதவீதமாக வேண்டும். இனி ஒரு தெருவுக்கு மரம் தேர்ந்தெடுப்பவர் அந்தத் தெருவை மட்டும் பார்க்க முடியாது. நகரத்தின் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். பழுது தெரிவிக்க ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். மக்கள் மரங்களுக்குக் காதல் கடிதம் எழுதினார்கள்.

சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் 2018-ல் வெளியிட்ட ட்ரீஸ்.எஸ்ஜி தளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் ஏறியிருந்தன. அங்கே பதிவேடு காதல் கடிதத்துக்காக மட்டும் இல்லை. கிளை முறிந்து விழுவதற்குள் எந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவெடுக்கவும் அதே கணக்கு உதவுகிறது.

பிஷான்: மாதிரியும் மண்ணும்

கணினி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஒரே இடத்தில் பார்க்க சிங்கப்பூரின் பிஷான்–ஆங் மோ கியோ பூங்கா போதும். காலாங் ஆற்றின் ஒரு பகுதி இங்கே 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் வடிகாலாக ஓடியது. 2006-ல் தொடங்கிய ஏ.பி.சி. நீர்த் திட்டத்தின் கீழ், ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்லின் குழு கான்கிரீட்டை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக அதை மாற்றியது. 62 ஹெக்டேர் பூங்காவின் புல்வெளிகளே வெள்ளச் சமவெளி. 17 முதல் 24 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிய நீர், பெருமழையில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பரவலாம்.

நீர் எந்த வேகத்தில் எங்கே திரும்பும், எந்த வளைவில் கரையை அரிக்கும் என்று நீரியல் மாதிரி சொன்னது. கரையைச் செடியும் வேரும் கல்லும் பிடித்து நிறுத்துமா என்பதற்கு அதனிடம் நம்பகமான விடை இல்லை; ஐரோப்பிய ஆறுகளில் பழகிய அந்த உத்திகள் வெப்பமண்டல மழைக்குப் புதியவை. எனவே 2009-ல் ஒரு பக்க வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்குப் பத்து விதமான கரை கட்டும் முறைகளை நட்டு, மாதக்கணக்கில் மழையில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றில் ஏழுதான் ஆற்றுக்குப் போயின. 2012-ல் பூங்கா திறந்தபோது, நீர்மட்ட உணரிகளும் எச்சரிக்கை விளக்கும் சைரனும் ஒலிபெருக்கி அறிவிப்பும் சேர்ந்த அமைப்பும் கூடவே வந்தது. நீர் ஏறினால் கரையில் நிற்பவர்கள் மேலே வர நேரம் கிடைக்கும். அந்த உணரிகள் இல்லாமல், குழந்தைகள் இறங்கி விளையாடும் ஆற்றை நகரின் நடுவே எந்த அதிகாரியும் அனுமதித்திருக்க மாட்டார். வடிவத்தை மாதிரி தந்தது, செடியைச் சோதனைப் பாத்தி தந்தது, மக்களை நீர் அருகே விடும் துணிச்சலை உணரி தந்தது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பூங்கா இல்லை.

நம் பக்கம்

இந்தியாவில் நீண்ட காலம் தடையாக இருந்தது கருவியைவிடச் சட்டம். நுணுக்கமான நில அளவைத் தரவுக்கு அனுமதி வாங்கி ஓய்ந்தவர்கள் பலர். 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடையைப் பெருமளவு நீக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் தளர்ந்தன. இஸ்ரோவின் புவன் தளத்தில் உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் 30 மீட்டர் இடைவெளிப் புள்ளிகள் ஒரு மாவட்டத்துக்குப் போதும், ஒரு பூங்காவுக்குப் போதாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காக உருவான சி-ஃப்ளோஸ் எச்சரிக்கை அமைப்பு 2019-ல் வந்தது. வெள்ளத்தை முன்னறியும் மாதிரி ஒரு கையில், பூங்காவும் குளமும் வரையும் அலுவலகம் மறு கையில் என்று இரண்டும் தனித்தனியே இருப்பது இனி நியாயமாகாது.

பெரிய பற்றாக்குறை செடித் தரவில். எந்த மரம் எந்த மாதம் இலை உதிர்க்கும், எப்போது பூக்கும், எத்தனை ஆண்டில் எவ்வளவு நிழல் தரும் என்பதற்கு நம் நகரங்களுக்கான அட்டவணை மிகக் குறைவு. கேரளத்தில் 2010-ல் தொடங்கிய சீசன்வாட்ச், பள்ளி மாணவர்களும் ஆர்வலர்களும் வாராவாரம் ஒரு மரத்தைப் பார்த்துப் பதியும் முயற்சி. லேண்ட்ஸ்கேப் துறை தனக்கு இதில் பங்கிருப்பதாக இன்னும் நினைக்கவில்லை. ஏரியின் கலங்கல் மட்டம், மடை திறக்கும் வழக்கம், எந்த ஓடை எந்தக் குளத்துக்கு உபரியை அனுப்பும் என்ற அறிவு நீர்ப்பாய்ச்சிகளிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் இருக்கிறது. அது எந்த மென்பொருளின் அடுக்கிலும் ஏறவில்லை. ஏற்றாத அடுக்கை இல்லாத அடுக்கு என்றே கணினி எடுத்துக்கொள்ளும்.

தொகுப்பாக

இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று முடிவுகள் தேறுகின்றன. ஒன்று: அளவீடும் கணக்கீடும் தொழிலுக்குப் பலம் சேர்த்திருக்கின்றன, ஆனால் களத்தில் சரிபார்க்கும் ஆள் இருக்கும் வரை மட்டுமே அது பலம். இரண்டு: கட்டடத்துக்காகப் பிறந்த மென்பொருள்கள் மண்ணின் ஆழத்தையும் மரத்தின் வயதையும் இன்னும் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை; அழகான படம் அந்தக் குறையை மறைக்கிறது. மூன்று: தொழிலை அடியோடு மாற்றக்கூடியது பதிவேடு. நட்டதில் எது பிழைத்தது என்று தெரிந்தால் அடுத்த நடவு மாறும்.

ஆனால் நம் ஒப்பந்தங்கள் பணத்தை எங்கே வைக்கின்றன? காட்சிப் படத்துக்கும் திறப்பு விழாவுக்கும். ஐந்தாம் ஆண்டில் மரங்களை எண்ணிப் பார்க்க எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. லூமியானுக்குப் புதிய கணினி வாங்கும் அலுவலகம், மூன்று ஆண்டுக்கு முன் முடித்த பூங்காவுக்கு ஒரு பயிற்சி மாணவரை அனுப்பிப் பட்டியல் எடுத்தாலே போதும். அதற்கு ஒரு கைப்பேசியும் ஒரு விரிதாளும் தவிர வேறு கருவி வேண்டாம். மாநகராட்சிகள் டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம்: ஒப்படைக்கும்போது வரைபடத்தோடு மரப் பதிவேடும் தர வேண்டும், ஐந்து ஆண்டு அதைப் புதுப்பிக்க வேண்டும், அது பொதுப் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். கல்லூரிகள் மென்பொருள் வகுப்பின் நேரத்தில் ஒரு பங்கை மண் பரிசோதனைக்கும் நாற்றங்காலுக்கும் ஒதுக்கலாம். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மெக்ஹார்க் தாளில் அடுக்கியதும், மெல்பர்ன் பட்டியலில் எழுதியதும், பிஷானில் மழையில் விட்டுப் பார்த்ததும் ஒரே வேலைதான்: முடிவெடுப்பதற்கு முன் நிலத்திடம் கேட்பது, எடுத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருப்பது. இரண்டாம் பாதிக்குக் கட்டணம் தர நாம் பழகினால் மட்டுமே கணினி இந்தத் தொழிலை மாற்றியது என்று சொல்ல முடியும்.